வயிறு சரியில்லைன்னா வாய் நாறுமா? குடல், கல்லீரல், மூச்சு பற்றிச் சில குறிப்புகள்

"வாய் நாறுதா? வயிறு சுத்தமில்லை, அதான்." நம் வீடுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. இப்போது இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: "லிவரை டீடாக்ஸ் பண்ணணும்." ஹெல்த் செக்கப்பில் 'ஃபேட்டி லிவர் கிரேடு ஒன்று' என்று எழுதி வந்திருக்கும், வீட்டில் யாரோ வாய் நாறுது என்று சொல்லியிருப்பார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு, லிவர் டானிக் ஒரு பாட்டில் வாங்கி வந்துவிடுவார்கள். அந்தப் பாட்டில் தீரும்வரை ஈறில் ரத்தம் கசிவதை யாரும் கவனிப்பதில்லை.

குடலுக்கும் கல்லீரலுக்கும் மூச்சின் வாடைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சம்பந்தம் இருக்கிறது, நிஜமாகவே இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கிற பாதையில் இல்லை. அந்தப் பாதை எது என்று புரிந்துவிட்டால், எதற்குப் பல் டாக்டரிடம் போகணும், எதற்கு லிவர் டாக்டரிடம் ஓடணும் என்பது ஓரளவு தானாகவே தெளிவாகிவிடும். நான் டாக்டர் இல்லை. பி.ஈ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆய்வுக் கட்டுரைகளை ராத்திரியில் உட்கார்ந்து படிப்பது ஒரு வியாதி, அவ்வளவுதான்.

முதலில் பாதை. ராத்திரி பத்து மணிக்கு ரோட்டில் நிறுத்தி போலீஸ் ஊதச் சொல்கிற மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். குடித்தவர் ஏலக்காய் மென்றிருப்பார், பாக்கு போட்டிருப்பார், நாலு தடவை வாய் கொப்பளித்திருப்பார். ஆனாலும் மாட்டிக்கொள்வார். ஏன்? ஆல்கஹால் வாயிலிருந்து மட்டும் வரவில்லை. குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து, ரத்தம் நுரையீரலுக்குப் போகும்போது அங்கே இருக்கும் மெல்லிய சவ்வு வழியாக மூச்சுக் காற்றில் ஆவியாகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு 2100 மில்லி மூச்சுக் காற்றில் இருக்கும். இந்த விகிதத்தை நம்பித்தான் அமெரிக்காவின் இந்தியானாவில் ராபர்ட் போர்கன்ஸ்டைன் 1954-ல் 'பிரெத்தலைசர்' செய்தார். நம்ம ஊர்ச் சட்டம் சொல்லும் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பையும் ரோட்டில் வைத்து முதலில் பார்ப்பது இதே வழியில்தான்.

ஆக மூச்சில் வாடை சேர இரண்டு வழிகள். ஒன்று, காற்று வெளியே வரும்போது வாயிலும் மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்வது. இன்னொன்று, ரத்தத்திலிருந்து நுரையீரல் வழியாக ஏறுவது. நாம் நினைப்பது மூன்றாவது வழி: வயிற்றில் ஏதோ அழுகுகிறது, அந்தக் காற்று புகைபோக்கி மாதிரி மேலே ஏறி வாயில் வருகிறது என்று. அப்படி ஒரு புகைபோக்கி உடம்பில் இல்லை. உணவுக்குழாய் எப்போதும் திறந்திருக்கும் பைப் இல்லை. சும்மா இருக்கும்போது சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் கிடக்கும், மேலேயும் கீழேயும் வளையத் தசைகள் இறுக்கி மூடியிருக்கும். ஏப்பம் விடும்போதும், எதுக்களிக்கும்போதும் திறக்கும். அந்தச் சில நொடிகளுக்கு வாடை வரும், போய்விடும். நாள் முழுக்க நாறுவதற்கு அது போதாது. (தொண்டை உணவுக்குழாயோடு சேரும் இடத்தில் சிறு பை மாதிரி பிதுங்கி, அதில் சோறு தங்கி அழுகுகிற 'ஜென்கர் பை' என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது, அபூர்வம்.)

பூண்டு இந்த விஷயத்தில் நல்ல வாத்தியார். பச்சைப் பூண்டு தின்றவர் பல் தேய்த்தாலும் சாயங்காலம்வரை மணக்கிறார். அது வாயில் ஒட்டிய பூண்டா, உள்ளேயிருந்து வருவதா என்று 1930-களிலேயே அமெரிக்க டாக்டர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். 1936-ல் பிளாங்கன்ஹார்ன், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் ஒரு நோயாளிக்குப் பூண்டு சூப்பை வாயில் படாமல் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் மூச்சில் பூண்டு. 1999-ல் மினியாபொலிஸில் மைக்கேல் லெவிட் குழு இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தது. இந்த லெவிட் வாழ்நாள் முழுக்கக் குடல் வாயுவையே ஆராய்ந்தவர். இப்படியும் ஒரு வாழ்க்கை. பூண்டு சாப்பிட்டவர்களின் வாய்க் காற்று, நுரையீரல் காற்று, சிறுநீர் மூன்றையும் அளந்தார்கள். பூண்டின் கந்தக வாயுக்களில் பெரும்பாலானவை வாயிலேயே உண்டானவை, சீக்கிரம் குறைந்துவிட்டன. ஒன்றே ஒன்று, அல்லைல் மெத்தில் சல்ஃபைடு, குடலிலிருந்து ரத்தம் வழியாக வந்து மணிக்கணக்காக நின்றது. குடலும் கல்லீரலும் மற்றவற்றை மாற்றிவிடுகின்றன. இதை மாற்ற முடியவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதுதான்.

சரி, பூண்டு சாப்பிடாதவர்களின் வாய் நாற்றத்துக்கு வருவோம். கனடாவில் ஜோசப் டான்செடிச் 1960-களிலிருந்து செய்த ஆய்வுகள் மூன்று கந்தக வாயுக்களைக் காட்டிக் கொடுத்தன: ஹைட்ரஜன் சல்ஃபைடு (அழுகின முட்டை வாடை), மெத்தேன்தயால் (அழுகின முட்டைக்கோஸ், சாக்கடை வாடை), டைமெத்தில் சல்ஃபைடு (வெந்த முட்டைக்கோஸ், கடற்கரைப் பாசி வாடை). வாயில் காற்றுப் படாத இடங்களில், அதாவது நாக்கின் பின்பகுதியிலும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கிலும், குடியிருக்கும் பாக்டீரியாக்கள் எச்சிலில் இருக்கும் புரதத்தைத் தின்றுவிட்டு முதல் இரண்டையும் விடுகின்றன. ராத்திரி எச்சில் ஊறுவது குறைந்துவிடுவதால் காலையில் எல்லோருக்கும் நாறும்.

எவ்வளவு பேருக்கு வாய்தான் காரணம்? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் வாய் நாற்றத்துக்கென்றே ஒரு கிளினிக் இருக்கிறது. அங்கே வந்த 2000 பேரின் விவரத்தை 2009-ல் வெளியிட்டார்கள். சுமார் 76 சதவீதம் பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே: நாக்கில் படிந்த மாவு, ஈறு நோய், அல்லது இரண்டும். காது-மூக்கு-தொண்டை, உடம்பின் மற்ற பகுதிகள் எல்லாம் சேர்த்து சுமார் 4 சதவீதம். இதில் மனசைத் தொடுகிற எண் வேறொன்று: சுமார் 16 சதவீதம் பேருக்கு நாற்றமே இல்லை. இருப்பதாக நம்பி, பேசும்போது வாயைப் பொத்தி, ஆட்களைத் தவிர்த்து வாழ்ந்திருக்கிறார்கள்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம்: எரர் எந்த ஸ்கிரீனில் தெரிகிறதோ, தப்பு அங்கே இருக்கணும்னு அவசியமில்லை என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்போம். ஆனால் உண்மையில் முக்கால்வாசி நேரம் தப்பு அங்கேயேதான் இருக்கும். வாய் நாற்றமும் அப்படித்தான்.

ஆனாலும் ஒரு நியாயமான கேள்வி மிஞ்சுகிறது. பெருங்குடலில் வாயைவிடப் பல மடங்கு பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அங்கேயும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதே மெத்தேன்தயால் தயாராகிறது. (கீழ் வழியாக வெளியே வரும்போது அதன் தரம் நமக்கே தெரியும்.) அது ஏன் ரத்தத்தில் ஏறி, ஆல்கஹால் மாதிரி மூச்சில் வரவில்லை?

ஏனென்றால் வழியில் மூன்று செக்போஸ்ட் இருக்கிறது. முதலாவது பெருங்குடலின் சுவர். அதே லெவிட் குழு காட்டியது இது: குடல் சுவரின் உள்படலம் இந்த இரண்டு வாயுக்களையும் அசுர வேகத்தில் தயோசல்ஃபேட் என்ற வாடையில்லாத பொருளாக மாற்றிவிடுகிறது. இரண்டாவது ரத்தமே. ஹைட்ரஜன் சல்ஃபைடும் மெத்தேன்தயாலும் சும்மா இருக்காத வாயுக்கள். ரத்தத்தில் இருப்பவற்றோடு உடனே வினைபுரிந்து பிடிபட்டுவிடும், நுரையீரல்வரை தப்பிப்போவது கஷ்டம். மூன்றாவது கல்லீரல். குடலில் உறிஞ்சப்படும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. 'போர்ட்டல் சிரை' என்ற தனி ரத்தக்குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகணும். நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்குள் நுழைகிறது, அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தக் குடல் வழி ரத்தம். ஊருக்குள் வரும் எல்லா லாரியும் டோல்கேட்டில் நின்று சோதனை முடிந்துதான் உள்ளே வரணும் என்பது மாதிரியான ஏற்பாடு.

இந்த டோல்கேட்டை மறந்துவிட்டுத்தான் ஐரோப்பா ஒரு நாற்பது வருஷம் தடுமாறியது. 1880-களில் பாரிஸில் ஷார்ல் பூஷார் என்ற பேராசிரியர் 'தன் நஞ்சாதல்' என்ற கொள்கையைப் பரப்பினார்: குடலில் தங்கும் மலம் அழுகி, அந்த விஷம் ரத்தத்தில் ஏறி, தலைவலி, சோர்வு, நாறும் மூச்சு என்று எல்லாவற்றுக்கும் காரணமாகிறது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பெரிய சர்ஜன் இதை அப்படியே நம்பி, மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1919-ல் வால்டர் அல்வாரெஸ் என்ற அமெரிக்க டாக்டர் எதிர்வாதம் எழுதினார். மலக்குடலில் பஞ்சை அடைத்து வைத்தாலே அதே தலைவலியும் மந்தமும் வருகிறது, எடுத்த கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. ரத்தத்தில் ஏறிய விஷம் என்றால் அவ்வளவு சீக்கிரம் போகாதே என்றார். மருத்துவ உலகம் மெல்ல அந்தக் கொள்கையைக் கைவிட்டது. நம் வீட்டில் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக வைத்ததும் 'வயிற்றைச் சுத்தம் பண்ணணும்' என்ற இதே நினைப்பில்தான். இன்றைய டீடாக்ஸ் பவுடர்காரர்கள் வார்த்தையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

ஆனால், இதுதான் எனக்குப் பிடித்த திருப்பம், பூஷார் சொன்னது ஒரே ஒரு நிலைமையில் கிட்டத்தட்ட உண்மையாகிவிடுகிறது: கல்லீரல் விழுந்துவிட்டால்.

நாள்பட்ட குடி, ஹெபடைடிஸ் பி, சி, முற்றிப்போன கொழுப்புக் கல்லீரல் என்று ஏதோ ஒன்றால் கல்லீரல் தழும்பாகிச் சுருங்குவதைத்தான் 'சிரோசிஸ்' என்கிறோம். தழும்பு விழுந்த கல்லீரலுக்குள் ரத்தம் நுழையத் திணறும். போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறும். தண்ணீர் மாதிரி ரத்தமும் சந்து பொந்து தேடும்; உணவுக்குழாயைச் சுற்றியும் தொப்புளைச் சுற்றியும் உள்ள சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் வீங்கி பைபாஸ் ரோடாகிவிடும். டோல்கேட்டைத் தொடாமலேயே குடல் ரத்தம் உடம்பு முழுக்கப் போகும். அப்போது அந்த நோயாளியின் மூச்சில் ஒரு வாடை வரும். லேசான தித்திப்பு, பூசணம் பிடித்த வாடை, கொஞ்சம் பச்சை ரத்த வாடை என்று பலவிதமாக எழுதுகிறார்கள். மருத்துவப் புத்தகங்கள் இதற்கு 'ஃபீட்டர் ஹெபாடிகஸ்' என்று லத்தீனில் பெயர் வைத்திருக்கின்றன. 'செத்தவர் மூச்சு' என்ற செல்லப்பெயரும் உண்டு. வார்டில் நுழைந்ததுமே அனுபவப்பட்ட டாக்டருக்குத் தெரிந்துவிடும்.

அந்த வாடை என்ன பொருள்? 1955-ல் சேலஞ்சர், வால்ஷ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கல்லீரல் அழுகிப்போன ஒரு நோயாளியின் சிறுநீரிலிருந்து மெத்தேன்தயாலைப் பிரித்தெடுத்து, இதுதான் குற்றவாளி என்றார்கள். பல வருஷம் அதுவே பாடமாக இருந்தது. 1994-ல் நெதர்லாந்தின் ஆல்பர்ட் டாங்கர்மன் குழு மூச்சையே நேரடியாக அளந்து பார்த்தது. முக்கியக் குற்றவாளி டைமெத்தில் சல்ஃபைடு. மேலே சொன்ன மூன்று வாயுக்களில் மூன்றாவது. யோசித்துப் பார்த்தால் இது பொருத்தம்தான்: முதல் இரண்டும் ரத்தத்தில் பிடிபட்டுவிடும், மூன்றாவது மட்டும் சாது. எதனோடும் வினைபுரியாமல் ரத்தத்தில் மிதந்துபோய் நுரையீரலில் ஆவியாகிவிடும். இதுவும் பூண்டு வாயுவும் ஒரே குணம். பெயரிலேயே கடைசி வார்த்தை ஒன்றுதானே!

கல்லீரல் சரியில்லாதபோது மூச்சில் சேருவது கந்தகம் மட்டும் இல்லை. பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில் சிரோசிஸ் நோயாளிகளின் மூச்சில் லிமோனீன் அதிகமாக இருப்பது தெரிந்தது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் வாசனைப் பொருள், சாப்பாட்டிலிருந்து வருவது. நல்ல கல்லீரல் அதை உடனே சிதைத்துவிடும், நோயுற்ற கல்லீரலால் முடியாது. அது கொழுப்பில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சில் கசிகிறது. கல்லீரல் மாற்று அறுவை முடிந்ததும் மூச்சில் லிமோனீன் படிப்படியாகக் குறைந்தது. மூச்சை வைத்துக் கல்லீரலைச் சோதிக்கும் டெஸ்ட் ஒன்றை இதை வைத்து உருவாக்க முயல்கிறார்கள்.

பூஷாருக்கு இன்னொரு அரைப் பங்கு வெற்றியும் உண்டு. சிரோசிஸ் முற்றியவர்களுக்கு அமோனியா போன்ற குடல் கழிவுகள் மூளைவரை போய்க் குழப்பம், தூக்கம், கடைசியில் கோமாகூட வரும். அதைத் தடுக்க லாக்டுலோஸ் சிரப் கொடுத்து, தினம் இரண்டு மூன்று தடவை மலம் போகிற மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மலச்சிக்கல் நிஜமாகவே ஆபத்து. லேன் வெட்டி எறிந்த குடல்களுக்குச் சொந்தக்காரர்களுக்கு நல்ல கல்லீரல் இருந்திருக்கும், பாவம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். 'கிரேடு ஒன்று' ஃபேட்டி லிவருக்கு இந்த வாடை வராது. ஃபீட்டர் ஹெபாடிகஸ் வருகிற நிலையில் பெரும்பாலும் வயிறு வீக்கம், மஞ்சள் காமாலை, கால் வீக்கம், ரத்த வாந்தி, பேச்சில் குழப்பம் என்று வேறு அறிகுறிகளும் கூடவே இருக்கும். காலையில் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் முகத்தைத் திருப்பினார் என்பதற்காகக் கீழாநெல்லியை அரைத்துக் குடிப்பதில் அர்த்தம் இல்லை. ஃபேட்டி லிவரைக் கவனிக்கணும், எடையையும் சர்க்கரையையும் குறைக்கணும். அது வேறு காரணத்துக்கு.

கல்லீரல் முழுசாகக் கெடாமல், ஒரே ஒரு என்சைம் இல்லாமல் போனாலும் நாறலாம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். முதலாவது மீன்வாடை நோய். முட்டை, ஈரல், சோயா இவற்றில் கோலின் என்ற சத்து இருக்கிறது. குடல் பாக்டீரியா அதிலிருந்து டிரைமெத்திலமீன் தயாரிக்கும். அழுகின மீனின் வாடை இதுதான். கல்லீரலில் இருக்கும் எஃப்.எம்.ஓ.-3 என்ற என்சைம் அதை வாடையில்லாததாக மாற்றும். அந்த ஜீன் பழுதாகப் பிறந்தவர்களுக்கு மூச்சு, வியர்வை, சிறுநீர் எல்லாவற்றிலும் மீன் வாடை. எவ்வளவு குளித்தாலும் போகாது. சுத்தமில்லாதவர் என்ற பட்டம்தான் மிச்சம். 1970-ல்தான் மருத்துவ இதழில் இது முறையாகப் பதிவானது. சாப்பாட்டை மாற்றி, தேவைப்பட்டால் குடல் பாக்டீரியாவைக் குறைத்துக் கட்டுப்படுத்துகிறார்கள்.

இரண்டாவது கதை இன்னும் சுவாரசியம். டாங்கர்மனும் பல் மருத்துவர் எட்வின் விங்கலும் 2007-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கல்லீரல் நன்றாக இருக்கிறது, வாயும் சுத்தம், ஆனால் மூச்சில் டைமெத்தில் சல்ஃபைடு நாறும் சிலர் இருக்கிறார்கள் என்றார்கள். இவர்கள் பல வருஷம் டாக்டர் மாற்றி டாக்டர் அலைந்தவர்கள். கிளினிக்குகளில் வாய் நாற்றம் அளக்கப் பயன்படும் சின்ன மெஷின் ஹைட்ரஜன் சல்ஃபைடை நன்றாகக் காட்டும், டைமெத்தில் சல்ஃபைடைக் கிட்டத்தட்டக் காட்டவே காட்டாது. "மெஷினில் ஒன்றும் இல்லை, எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று திருப்பி அனுப்ப இது போதாதா? லாக் எழுதாத மாட்யூலில் பக் இருந்தால் 'பக்கே இல்லை' என்று டிக்கெட்டை மூடுகிற கதைதான்.

காரணம் எங்கேயிருந்து கிடைத்தது தெரியுமா? நெதர்லாந்தின் நைமேகன் நகரில், ராட்பவுட் பல்கலைக்கழகத்தில், கந்தக வாயுவைத் தின்று வாழும் ஹைபோமைக்ரோபியம் என்ற ஒரு பாக்டீரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வாய் நாற்றத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. மெத்தேன்தயாலைச் சிதைக்கும் அதன் என்சைமைப் பிரித்து, அதன் ஜீன் வரிசையை மற்ற உயிர்களோடு ஒப்பிட்டார்கள். மனிதனிடமும் அதே சாயலில் ஒரு ஜீன் இருந்தது: செலென்பிபி-1. அதன் வேலை என்ன என்று அதுவரை சரியாகப் பிடிபட்டிருக்கவில்லை. நாறும் மூச்சுக்காரர்களிடம் அந்த ஜீனைப் பார்த்தால், பழுது! மூன்று குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து பேர். மெத்தேன்தயால் சிதையாமல் சேர்ந்து, டைமெத்தில் சல்ஃபைடாக மாறி, ரத்தம் வழியாக மூச்சுக்கு வருகிறது. எலிகளில் அந்த ஜீனை எடுத்துவிட்டுப் பார்த்தபோதும் அதே மாதிரி. 2018-ல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் வெளியானது. 'மனப்பிரமை' என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கட்டுரை எப்படி இருந்திருக்கும்!

மற்ற சிலதை வேகமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன். பேலியோ, நீண்ட விரதம் இருப்பவர்களுக்கு வருகிற பழ வாடை, நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை: கல்லீரல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் செய்கிறது, அதில் ஒன்றான அசிட்டோன் ஆவியாகிறது. இது கல்லீரல் நோய் இல்லை, கல்லீரல் உழைக்கிற வாடை. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு, அதிலும் இன்சுலின் போடுகிறவருக்கு, இதே வாடையோடு வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் அது எமர்ஜென்சி, உடனே ஆஸ்பத்திரி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அமோனியா வாடை.

வயிற்றில் குடியிருக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். பேரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைக் குடித்துத் தன் மேலேயே சோதனை செய்தாரே, அவருக்கு வயிற்று உப்புசம், வாந்தியோடு மூச்சும் நாறியது என்று அவரே எழுதியிருக்கிறார். (2005-ல் நோபல் கிடைத்தது.) ஆனால் அது திடீர்த் தொற்றின் ஆரம்ப நாட்கள். வருஷக்கணக்காக அந்தக் கிருமியோடு வாழ்கிறவர்களுக்கு அதுதான் நாற்றத்துக்குக் காரணமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அல்சருக்காகச் சிகிச்சை எடுக்கணும், சரி. வாய் நாற்றத்துக்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் கேட்டு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கிற 'யூரியா மூச்சுச் சோதனை' வேலை செய்வதும் நம் பழைய பாதையில்தான்: வயிற்றில் யூரியா உடைந்து வரும் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் ஏறி நுரையீரல் வழியாக வெளியே வருகிறது.

இதுவரை குடலிலிருந்து வாய் நோக்கிப் பார்த்தோம். எதிர்த் திசை ஒன்று இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம். ஒரு நாளைக்கு நாம் ஒரு லிட்டருக்கு மேல் எச்சில் விழுங்குகிறோம், வாயின் பாக்டீரியாக்களோடு சேர்த்து. வயிற்று அமிலம் அவற்றைக் கொன்றுவிடும் என்பதுதான் ஏற்பாடு. 2014-ல் சீன ஆய்வாளர்கள் 98 சிரோசிஸ் நோயாளிகளின் மலத்தை ஆரோக்கியமான 83 பேருடையதோடு ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நோயாளிகளின் குடலில் கூடியிருந்த, அடையாளம் தெரிந்த பாக்டீரியா இனங்களில் 54 சதவீதம் வாயைச் சேர்ந்தவை. வாய்க்குடிகள் குடலில் குடியேறியிருக்கின்றன. 2018-ல் அமெரிக்காவின் ரிச்மண்டில் ஜஸ்மோகன் பஜாஜ் குழு, ஈறு நோயும் இருந்த சிரோசிஸ் நோயாளிகளுக்குப் பல்லையும் ஈறையும் ஆழமாகச் சுத்தம் செய்தது. ஒரு மாதத்தில் ரத்தத்தில் பாக்டீரியா நச்சு குறைந்தது, மூளைக் குழப்பம் இருந்தவர்களுக்குச் சிந்தனைத் திறன் சோதனைகளில் முன்னேற்றம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் வாயைச் சரிசெய்ய லிவர் டானிக் குடிக்கிற நாட்டில், லிவருக்காகப் பல்லைச் சுத்தம் செய்த இந்த ஆய்வை யாராவது போஸ்டர் அடித்து ஒட்டலாம்.

சரி, உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ சந்தேகம் என்றால் என்ன செய்வது? நம் மூச்சு நமக்குச் சரியாகத் தெரியாது, மூக்கு பழகிவிடும். நம்பிக்கையான ஒருவரைக் கேளுங்கள். முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மெல்ல ஊதுங்கள். பிறகு வாயை மூடி மூக்கால் விடுங்கள். வாயில் மட்டும் நாறினால் காரணம் வாயில். மூக்கில் மட்டும் என்றால் சைனஸ், மூக்கு. இரண்டிலும் ஒரே அளவில், ஒரே வாடையாக இருந்தால்தான் ரத்த வழியைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிக்கணும். இன்னொன்று: பல்லிடுக்கில் நூல் விட்டு எடுத்து அந்த நூலை மோந்து பாருங்கள். நிறையப் பேருக்கு விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

வாய் என்று முடிவானால், நாக்கு வழிக்கிற பழக்கம் நமக்குத் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். பின்பகுதிவரை, ரத்தம் வராமல். பல் டாக்டரிடம் ஸ்கேலிங். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஈறு நோயின் முதல் மணி அது. மவுத்வாஷ் வாங்குவதென்றால் துத்தநாகம் சேர்ந்தது கந்தக வாயுவைப் பிடித்து வைக்கும். வெறும் புதினா வாசனை ஏலக்காய் போட்டுக்கொண்டு ஊதப்போன கதைதான். வாய் உலர வைக்கிற மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் பாருங்கள். அலர்ஜி மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் சில அப்படிச் செய்யும்.

இரண்டிலும் நாறுகிறது, கூடவே கண்ணில் மஞ்சள், வயிறு வீக்கம், குடிப்பழக்கம், பழைய ஹெபடைடிஸ் என்று ஏதாவது இருந்தால் பல் டாக்டரிடம் நேரம் கடத்தாமல் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்து கல்லீரல் டாக்டரைப் பாருங்கள். மற்றதெல்லாம் சரி, மூச்சு மட்டும் சின்ன வயசிலிருந்தே இரண்டு வழியிலும் நாறுகிறது என்றால் டாக்டரிடம் டைமெத்தில் சல்ஃபைடு, செலென்பிபி-1, டிரைமெத்திலமீன் என்ற மூன்று பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். கேள்விப்படாத டாக்டராக இருந்தாலும் தேடிப் பார்ப்பார்.

வீட்டில் மூன்று பேர் நாறவில்லை என்று சொல்லியும் ஒருவர் நாறுகிறது என்றே நம்பி, கல்யாண வீட்டுக்குக்கூட வராமல் ஒதுங்கினால், அவருக்கு இன்னொரு பாட்டில் மவுத்வாஷ் வாங்கிக் கொடுக்காதீர்கள். லூவன் கிளினிக்கின் அந்த 16 சதவீதத்தில் அவரும் ஒருவராக இருக்கலாம். அதற்கும் டாக்டர் உண்டு, மனநல மருத்துவர்.